பழைய சுங்கானுக்குப் புதிய சாயம்

யாழ்ப்பாணத்துப் புகையிலை சுருட்டாகிப் பெயர்பெற்றது; வெற்றிலையோடு சேர்ந்தும் பெயர்பெற்றது. ‘சுருட்டு’ என்னும் நம் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து ‘செரூட்’ என உருமாறிற்று. சுங்கானோடு நமக்கு அத்துணை உறவு இல்லை. மேனாட்டுப் பேராசிரியர், மாலுமி, துப்பறிவோன் ஆகியோரின் வாயிலே, பெரும்பாலும் கதைகளிலும் திரைப்படங்களிலும், நாம் கண்டு பழகிய பொருள் அது. அந்த மேனாட்டிலேயே இன்று சுங்கான் பிடிப்போர் தொகை சுருங்கிவிட்டது. ஆயினும், இறந்துபோன தந்தையின் அல்லது பாட்டனின் மேசை லாச்சியிலிருந்து கரிபடிந்த சுங்கானொன்றை எடுத்து, வீட்டிலேயே துப்புரவு செய்து, மங்கிய மரத்துக்கு மீண்டும் சாயமேற்றி வைக்கும் வழக்கம் அங்கே பலரிடம் உண்டு. வாழ்நாளிற் புகைபிடித்தறியாதவர்களும் இதனைச் செய்கின்றனர். இந்தச் சிறு கைவேலைக்குள்ளே கடினமான வினாவொன்று இருக்கிறது. துடைக்கவேண்டிய அழுக்கு எது? வைத்திருக்கவேண்டிய ஞாபகம் எது?

சுங்கான் செய்யப் பெரிதும் பயன்படுவது ‘பிரையர்’ என்னும் மரம். ஆங்கிலத்தில் இதே பெயர் காட்டுரோசா முட்செடிக்கும் வழங்குதலாற் பலர் மயங்குவர். சுங்கான் மரமோ பிரெஞ்சு மொழியில் ‘புரூயேர்’ எனப்படும் செடியினத்தைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலங்களில் வளர்வது. அதன் தண்டும் வேரும் கூடுமிடத்தில் மண்ணுக்குள்ளே முண்டொன்று திரளும். காட்டுத்தீ வந்து கிளைகளையெல்லாம் எரித்துவிட்டாலும் அந்த முண்டிலிருந்து மரம் மறுபடியும் தளிர்க்கும். தீயிலிருந்து தப்புவதற்காக மரம் தனக்கென வைத்துக்கொண்ட அந்த முண்டையே மனிதன் அகழ்ந்தெடுத்து, குடைந்து, அதனுள்ளே நெருப்பை வைத்தான்! வெட்டிய துண்டுகளைப் பல மணிநேரம் நீரிற் கொதிக்கவைத்துச் சாற்றைப் போக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே அவை கடைசலுக்கு வரும். பிரான்சின் யூரா மலைப்பகுதியிலே சென்-குளோட் என்றொரு சிற்றூர். செபமாலை மணிகளும் மரச் சிறுபொருள்களும் கடைந்துவந்த அவ்வூர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரையர்ச் சுங்கான் தொழிலின் தலைமை இடமாயிற்று.

பழைய சுங்கானை எடுத்தால் முதலிற் பார்க்கவேண்டியது கிண்ணத்தின் உட்புறம். அங்கே கரிப்படை ஒன்று கட்டியிருக்கும். மெல்லிய படை மரத்தைத் தீயிலிருந்து காக்கும், தடித்துவிட்டாற் கேடு. சூட்டிலே கரி விரியும் அளவு வேறு, மரம் விரியும் அளவு வேறு. ஆதலாற் கிண்ணம் வெடித்துப்போகும். ஒரு மெல்லிய நாணயத்தின் கனம் எஞ்சும்வரை, கூர்முனையில்லாத கத்தியால் மெதுவாகச் சுற்றிச் சுரண்டுவர். அடுத்தது நாற்றம். கிண்ணத்திற் பஞ்சை அடைத்து, கடுமையான மதுசாரத்தைத் துளிதுளியாக விட்டு ஓரிரவு வைத்தால், விடியும்போது பஞ்சு கபில நிறமாகியிருக்கும். பஞ்சுக்குப் பதிலாக உப்பு இடுவாரும் உளர். மரத்துள் ஊறிய உப்பு காம்பைப் பிளக்கக்கூடுமாதலின், பஞ்சே மேல் என்பது என் எண்ணம்.

கிண்ணத்தின் வாய்விளிம்பிற் படிந்த கீலுக்கு உமிழ்நீர் போதும் என்றால் வாசகர் முகஞ்சுளிக்கலாம். பழைய ஓவியங்களைத் துப்புரவு செய்யும் நூதனசாலைத் தொழில்வல்லுநரும் பஞ்சு நுனியில் உமிழ்நீர் தொட்டே துடைப்பதுண்டு. அதிலுள்ள நொதியங்கள் அழுக்கை இளக்குகின்றன. மரம் நசுங்கிய இடங்களுக்கு ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான மின்னழுத்தியின் நுனியால் ஒற்றினால், நீராவி புகுந்து அழுந்திய நார்கள் மீண்டும் எழும்.

இவற்றையெல்லாம் விட்டு, எடுத்த எடுப்பிலேயே அரத்தாளைக் கையிற் கொள்வோர் பலர். அங்கேதான் ஆபத்து. காம்பின் பக்கத்திலே செய்தவர் பெயரும் நாடும் பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பொறிப்பின் ஆழமோ நகக்கீறல் அளவு. 1907இல் இலண்டன் டியூக் வீதியிற் கடை திறந்த அல்பிரட் டன்ஹிலின் பெயர்தாங்கிய சுங்கான்கள் பலவற்றில், பொறிப்பின் இறுதியிலுள்ள சிற்றெண் அது செய்யப்பட்ட ஆண்டைக் கணிக்க உதவும். டபிளின் நகரத்துப் பீற்றர்சன் சுங்கான்களில் வெள்ளிப்பூண் உடையவற்றுக்கு, பூணிலுள்ள முத்திரை எழுத்து அவ்வுதவியைச் செய்யும். நான்குமுறை அழுத்தித் தேய்த்தாற் போதும். சுங்கான் புதிதுபோல் மின்னும், ஊரும் பேரும் இல்லாமல்.

வாஷிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று நூதனசாலையில் ஐன்ஸ்டைனின் சுங்கானொன்று இருக்கிறது. அதன் வாய்க்குழல் அவர் பற்பட்டுத் தேய்ந்தது. அத்தேய்வை நிரப்பி மெருகிட எந்தக் காப்பாளரும் துணியார். பேரறிஞரின் பற்சுவட்டுக்கு அத்தனை மதிப்பு! பெயரறியாத ஓர் ஊர்ப் பள்ளி ஆசிரியரின் பற்சுவட்டுக்கு மட்டும் அரத்தாள்தானா? அவருடைய பேரனுக்கு அந்தப் பள்ளம் எவ்வளவு பெரிது என்பதை வெளியிலுள்ள நாம் அளக்கமுடியாது.

இன்னொன்றையும் மறைத்தலாகாது. 1964இல் வெளியான அமெரிக்கத் தலைமைச் சுகாதார மருத்துவரின் அறிக்கை, சுங்கான் புகைத்தல் இதழ்ப் புற்றுநோய்க்குக் காரணமாவதை ஏற்றுக்கொண்டது. ஆகவே, ஒரு மகளுக்குத் தந்தையின் சுங்கான் அவரது அருகிருப்பின் மணமாகவும், அவரைக் கொண்டுபோன கருவியாகவும் ஒருங்கே இருத்தல் கூடும். அத்தகையவர் அந்த மணத்தை மதுசாரத்தாற் போக்குவதா, விட்டுவைப்பதா என்பதை எந்தக் கைநூலும் விதிக்க இயலாது.

வாய்க்குழல் பெரும்பாலும் வல்கனைற்று. அதாவது, கந்தகம் மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கிக் கடினமாக்கிய றப்பர். வெயிலும் காற்றும் பட்டு நாளடைவிற் கருமை போய்ப் பச்சையோடிய கபிலமாகும், நாவிலே கசக்கும். நீர் தொட்டு, மிக நுண்ணிய அரத்தாள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டு தேய்த்தாற் கருமை மீளும். இங்கே அரத்தாளுக்கு இடமுண்டு. ஆனால் வெப்பத்தைக் கவனித்துக்கொள்க: கொதிநீரிலோ சுடரருகிலோ காட்டிய வல்கனைற்று தன் பழைய வடிவத்தை நினைத்துக்கொண்டாற்போல, பற்பள்ளங்களைத் தானே மேலெழுப்பிவிடும். பள்ளம் வேண்டுமென்போர் சூட்டுக்கு எட்டவே நிற்கவேண்டும்.

இனிச் சாயம். மதுசாரம் சிந்திய இடமும் கீல் போக உரசிய விளிம்பும் வெளிறித் தோன்றும். அவ்விடங்களுக்கே உண்மையிற் சாயம் தேவை. தோற்பொருள்களுக்கு இடும் மதுசாரச் சாயமே இதற்கும் ஏற்றது. கிண்ணத்துள் ஒரு தடியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, மரத்தைச் சற்றே சூடாக்கிச் சாயத்தை ஒற்றி, ஈரம் உலருமுன் தீக்குச்சியைக் காட்டுவர். நீலச்சுடர் மரத்தை ஒருகணம் நக்கி அடங்கும். மதுசாரம் எரிந்துபோகும், நிறம் நாரிலே தங்கும், மரம் கருகாது. சாயப் புட்டியை மூடி எட்டவைத்த பின்பே இதனைச் செய்யவேண்டும் என்று சொல்லவேண்டியதில்லை. கிண்ணத்தின் உள்ளே மட்டும் ஒரு துளியும் படலாகாது.

முதலிற் கருஞ்சாயம் இட்டு, காய்ந்ததும் மெல்லத் தேய்த்தெடுத்தால், மென்மையான நாரிலே மட்டும் கருமை நிற்கும். அதன்மேற் கபிலமோ செம்மையோ ஏற்றினால், நார்வரிகள் தீச்சுடர்போல் எழுந்து தோன்றும். குறுக்காக வெட்டுண்ட பக்கத்தில் அதே நார்கள் சிறு புள்ளிகளாகும். இதனைப் ‘பறவைக்கண்’ என்பர். இருண்ட சாயத்துக்கு வேறொரு பயனும் உண்டு. அது அவ்வளவு நேர்மையானதன்று. மண்ணுள் வளரும் முண்டிலே மணலும் குழியும் இருத்தல் இயல்பு. மலிவான சுங்கான்களில் அக்குழிகளைப் பசைக்கலவையால் அடைத்து, மேலே கருஞ்சாயம் பூசி விற்றனர். பழையதைத் துடைக்கும்போது அந்த அடைப்புக்கள் வெளிப்படும். வெளிப்படட்டுமே! அதை வாங்கியவர் கைக்கு எட்டிய விலை அதுவாயிருந்தது. வெளிர்ச்சாயத்தை மெல்லியதாக இட்டு நிறுத்துவதையே நான் விரும்புவேன்.

மெருகுக்குக் கார்னோபா மெழுகு. பனையோலையைப் பல தேவைக்கும் எடுத்த நமக்கு, பிறேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையிலிருந்து அம்மெழுகை எடுக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி தரும். தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகைச் சூட்டில் உருகிவிடும். கார்னோபா 80 பாகையைத் தாண்டியும் இறுகி நிற்கும். எரியும் கிண்ணத்தின் வெளிப்புறத்துக்கு அதனாலேயே அது உகந்ததாயிற்று.

இவ்வளவும் மரச்சுங்கானுக்கு. துருக்கியின் எஸ்கிசெகிர்ப் பகுதியில் அகழ்ந்தெடுக்கும் மீர்சம் என்னும் மென்மையான வெண்கனியத்திற் செதுக்கிய சுங்கானுக்கு மதுசாரமும் சாயமும் ஆகா. புதிதாயிருக்கையிற் பால்போல் வெளுத்திருக்கும் அது, புகைக்கப் புகைக்க உள்ளிருந்து கீல் ஊறி, ஆண்டுகள் செல்ல மஞ்சளாகிப் பின்னர்ச் செங்கபிலமாகும். அந்த நிறம் முழுவதும் புகைத்தவரே ஏற்றியது. அதற்கு ஒரு மென்துணி போதும்.