ப்ளக்-இன் ஹைப்ரிட் கார் வாங்கலாமா? எக்செல்லில் போட்டுப் பாருங்கள்!

ராமநாதபுரத்தில் இருக்கும் என் பெரியப்பா சென்ற மாதம் போன் செய்தார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு கார் வாங்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், "ப்ளக்-இன் ஹைப்ரிட் வாங்குங்கள், பெட்ரோல் செலவே இருக்காது" என்று சொல்லிவிட்டாராம். "நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, பார்த்துச் சொல்லுப்பா" என்றார். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு எல்லா மெஷினும் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்குக் காரைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் எக்செல் தெரியும்.

முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். சாதாரண ஹைப்ரிட் காரில் சிறிய பேட்டரி இருக்கும். என்ஜின் ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அது தானாகவே சார்ஜ் ஆகிக்கொள்ளும். 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் ஹைப்ரிட் மாடல்கள் இந்த வகை. ப்ளக்-இன் ஹைப்ரிட்டில் பேட்டரி பெரியது. இரவில் வீட்டு ப்ளக்கில் சொருகி வைத்தால், மறுநாள் முதல் 40, 50 கி.மீ. கரண்டிலேயே ஓடும். அதற்குப் பிறகு பெட்ரோல்.

இந்தியாவில் இந்த இரண்டாவது வகை பெரும்பாலும் பணக்காரர் காராகத்தான் வந்திருக்கிறது. 2016-ல் வந்த வால்வோ எக்ஸ்சி90 டி8-ன் விலை ஒன்றேகால் கோடி. 2022-ல் வந்த பி.எம்.டபிள்யூ. எக்ஸ்எம் 2 கோடியே 60 லட்சம். வரியும் உதவவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் முழு எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெரிய ஹைப்ரிட் காருக்கு, ப்ளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 40 சதவீதம்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பெரியப்பாவின் ஓட்டத்துக்கு, அந்த ப்ளக்குக்காக எவ்வளவு அதிகம் கொடுக்கலாம்? விலை எதுவாக இருந்தாலும் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

அவர் ஊருக்குள் தினமும் 20 கி.மீ. ஓட்டுவார், வருடத்துக்கு 300 நாள். மாதம் ஒருமுறை மதுரை போய்வர 230 கி.மீ., ராமேஸ்வரம் போய்வர 110 கி.மீ. சார்ஜ் 40 கி.மீ. வரும் என்று வைத்துக்கொண்டால், கிழக்கே போகும்போது மண்டபம் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். பாம்பன் பாலத்தைப் பெட்ரோலில்தான் தாண்ட வேண்டும். மேற்கே போனால் பரமக்குடி வரை. ஆக வெளியூர் ஓட்டம் வருடத்துக்கு 4,080 கி.மீ., அதில் கரண்டில் ஓடுவது 960 மட்டுமே.

அடுத்தது கரண்ட் விலை. பலரும் தவறு செய்வது இங்கேதான். பெரியப்பா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஆகிறது. 2024 ஜூலை கட்டணப்படி பில் 1,081 ரூபாய். வகுத்தால் யூனிட்டுக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. ஆனால் காருக்காக 232 யூனிட் சேர்ந்தால் மொத்தம் 612. 500-ஐத் தாண்டியதும் கட்டண அட்டவணையே வேறு. அதே கட்டணத்தில் பில் சுமார் 3,000 ரூபாய் ஆகிவிடுகிறது. கூடுதலான தொகையை 232-ஆல் வகுத்துப் பாருங்கள், யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல்! கணக்குக்கு எட்டரை என்று வைத்துக்கொள்வோம். நம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து இருக்கிறது. அதனால் நம் வீட்டு மீட்டருக்கு என்ன லாபம்? சொந்த மாடியில் சோலார் போட்டால்தான் இந்த எட்டரை இறங்கும்.

இப்போது எக்செல்லைத் திறங்கள். லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களும் இதையே செய்யலாம், அது இலவசம். பி காலத்தில் மேலிருந்து கீழாக இந்த எண்களை டைப் செய்யுங்கள்:

பி1 - தினசரி கி.மீ. - 20
பி2 - நாட்கள் - 300
பி3 - வெளியூர் கி.மீ. - 4080
பி4 - அதில் கரண்டில் ஓடுவது - 960
பி5 - பெட்ரோல் விலை - 100
பி6 - ஹைப்ரிட் மைலேஜ் - 22
பி7 - ப்ளக்-இன் மைலேஜ், பெட்ரோலில் - 20
பி8 - ஒரு யூனிட்டுக்கு கி.மீ. - 5
பி9 - யூனிட் விலை - 8.5

பி10-ல் ஹைப்ரிட்டின் வருடச் செலவு: =(பி1*பி2+பி3)/பி6*பி5
பி11-ல் ப்ளக்-இன் செலவு: =(பி3-பி4)/பி7*பி5+(பி1*பி2+பி4)/பி8*பி9
பி12-ல் எட்டு வருட மிச்சம்: =(பி10-பி11)*8

(பி என்று நான் எழுதிய இடத்தில் ஆங்கிலத்தின் இரண்டாவது எழுத்தை அடியுங்கள். மைலேஜ்களும் பெட்ரோல் விலையும் நான் வைத்துக்கொண்டவை, உங்களுடையதைப் போடுங்கள்.)

பி12-ல் சுமார் 1,47,000 வரும். சாதாரண ஹைப்ரிட்டைவிட ப்ளக்-இன் விலை இதற்கு மேல் கூடினால், எட்டு வருடத்தில் போட்ட காசு திரும்பாது. அதுவும் தினமும் மறக்காமல் சார்ஜ் போட்டால்தான். ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் ரோட்டில் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, சோதனைக்கூடக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். முக்கியக் காரணம், எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை.

இன்னொரு வேலையும் செய்து பார்த்தேன். டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதற்குள் கோல் சீக் என்று ஒரு வசதி உண்டு (கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கும்). விடையைக் கொடுத்தால் கேள்வியைக் கண்டுபிடித்துத் தரும். பி12 மூன்று லட்சம் ஆக வேண்டும், பி1-ஐ மாற்று என்று சொன்னேன். ஓகே அழுத்தியதும் 20 என்பது 42 ஆனது. 40 கி.மீ. சார்ஜில் அது முடியாத காரியம்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "தினம் நாற்பத்திரண்டு கிலோமீட்டரா? நான் மார்க்கெட்டுக்குப் போறேனா, டாக்ஸி ஓட்டுறேனா?" என்று சிரித்தார். "சரி, அந்தக் கணக்கை அழிச்சிட்டு, சும்மா பெட்ரோல் காரைப் போட்டுப் பாரு."

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரைப் போட்டேன். சாதாரண ஹைப்ரிட்டுக்கு அதைவிட 1,71,000 ரூபாய் வரை அதிகம் கொடுக்கலாம் என்று வந்தது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வாரம் மதுரைக்கு ஷோரூம் பார்க்கப் போகிறார்.