கிருமிக்கும் கைரேகை உண்டு!

வாங்கிய பண்டத்தைச் சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டால் முதற்பழி விற்ற கடைக்காரர் மேல்தான். ஆனால் நோய்க் கிருமியே சாட்சி சொல்லி, தவறு நடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்த சம்பவம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. வணிகர்களாகிய நாம் அதை அறிந்துகொள்வது நலம்.

2008-ம் ஆண்டு இறுதியில் அங்கே பல மாநிலங்களில், ஒருவரையொருவர் அறியாத பலர் வயிற்றுப்போக்கு, காய்ச்சலால் அவதிப்பட்டனர். காரணம் சால்மோனெல்லா என்ற கிருமி. ஆய்வுக்கூடங்கள் அதன் டி.என்.ஏ.யைத் துண்டுகளாக்கி, ஜெல்லி போன்ற பலகையில் மின்சாரத்தால் ஓடவிட்டன. அதில் விழும் கோடுகளே கிருமியின் கைரேகை. அந்த நோயாளிகளிடம் கண்டது ஒரே ரேகை!

2009 ஜனவரியில் மின்னசோட்டாவில், திறந்திருந்த வேர்க்கடலை வெண்ணெய் டப்பாவில் அதே ரேகை சிக்கியது. சமையலறையில் கலந்திருக்குமோ? கனெக்டிகட்டில் பிரிக்காத டப்பாவிலும் அதுவே தெரிய, அந்த ஐயம் அகன்றது. சரக்கு ஜார்ஜியா மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரானது. 714 பேர் நோயுற்றனர். 9 பேர் மாண்டனர். கம்பெனி திவாலாயிற்று. 2015-ல் அதன் தலைவருக்கு 28 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இன்று கிருமியின் மரபணுத் தொகுதி முழுவதையுமே படித்து ஒப்பிடுகிறார்கள். ஆயினும், சரக்கு வந்த வழியை நம் கணக்குதான் சொல்ல வேண்டும். கொள்முதல் பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்துவோம். நாணயமான வணிகருக்கு அவையே காப்பு.