எந்த இடத்திற்கு எந்தப் பொருள்?

பெங்களூரில் உள்ள விதான சௌதா, கருநாடகச் சட்டமன்றம் கூடும் மாளிகையாகும். 1951ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு இதற்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தையாவின் விருப்பப்படி, திராவிடக் கலைமரபு தழுவிய பெரிய மாளிகையாக இது உருப்பெற்றது. கட்டடக் கலைஞர் பி.ஆர். மாணிக்கம் இதனை வடிவமைத்தார். 1956இல் பணி நிறைவுற்றது. இம்மாளிகையின் தூண்களைக் கண்டு வியப்பவர் பலர். அதன் கற்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர் சிலரே. கட்டடக் கலையின் பாதிப் பாடம் அந்தக் கேள்வியில் அடங்கியுள்ளது.

இதற்கான கருங்கல் நகரை அடுத்த மல்லசந்திரா, ஹெசரகட்டா ஆகிய இடங்களில் வெட்டி எடுக்கப்பட்டது. அழகு வேலைப்பாடுகளுக்கு மாகடியின் இளஞ்சிவப்புக் கல்லும் துருவேகெரேயின் கரிய கல்லும் வந்தன. அமைச்சரவைக் கூடத்தின் பெருங்கதவு சந்தன மரத்தால் ஆனது. ஒரு கனமீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2,600 கிலோ எடையுடையது. அதனைத் தொலைவிலிருந்து கொணர்ந்தால் கல்லின் விலையைவிட வண்டிக்கூலி மிகுந்துவிடும். ஆகவே பெருமளவில் தேவைப்படும் கல்லை அருகிலும், சிறிதளவு வேண்டிய வண்ணக் கல்லைச் சற்றுத் தொலைவிலும் தேடுவது பொருத்தமாகும். சந்தனம் நெருங்கிய இழையுடைய மரம். நுண்ணிய செதுக்கு வேலைக்கு உகந்தது. ஆயினும் அதைக்கொண்டு கூரைக்கு உத்தரம் அமைப்பார் இல்லை. விலை உயர்ந்ததே சிறந்தது என்னும் எண்ணம் விற்பவருக்கு மட்டுமே நன்மை தரும்.

கருங்கல்லுக்கும் ஒரு குறை உண்டு. மேலிருந்து அழுத்தும் சுமையை அது எளிதில் தாங்கும். வளைக்கும் விசையை அவ்வாறு தாங்காது. இரு தூண்களின்மேல் நீண்ட கல் ஒன்றை வைத்து அதன் நடுவில் பெருஞ்சுமை ஏற்றினால், கல்லின் அடிப்பகுதி இழுபட்டு விரிசல் காணும். பழைய கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதன் காரணம் இதுவே. கான்கிரீட்டும் தனித்து நின்றால் இழுவிசையைத் தாங்காது. அதனுள் எஃகுக் கம்பி வைக்கப்படும்பொழுது, அழுத்தத்தைக் கான்கிரீட்டும் இழுப்பைக் கம்பியும் பகிர்ந்துகொள்கின்றன. சென்னைப் பாதையும் தும்கூர்ப் பாதையும் பிரிந்து செல்லும் ஒக்கலிபுரத்தில், தண்டவாளங்களுக்குக் கீழே சாலை அமைக்க இத்தகைய கான்கிரீட் பெட்டிகளே செலுத்தப்பட்டன. மேலே தொடர்வண்டிகள் ஓடும் இடத்தில் கல்லை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டுவது எங்ஙனம் இயலும்?

பொருளைத் தேர்ந்தபின், அதனை ஐயத்திற்கு இடமின்றி எழுதிவைத்தல் வேண்டும். இவ்வாறு எழுதப்படுவது விவரக்குறிப்பு எனப்படும். ‘நல்ல கான்கிரீட் போடவும்’ என்று எழுதினால், வீட்டு உரிமையாளருக்கு ஒரு பொருளும் ஒப்பந்தக்காரருக்கு வேறொரு பொருளும் தோன்றும். ‘எம் 20’ என்று எழுதினால் அனைவருக்கும் ஒரே பொருள்தான். ‘எம்’ என்பது கலவையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 20 என்பது அதன் வலிமை. 15 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிகளாக அக்கலவையை வார்த்து, 28 நாள் நீரில் வைத்து, பின்னர் எந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பர். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 20 நியூட்டன், அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோ எடையின் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். அரசு ஒப்பந்தங்களில் ஒரு நிறுவனத்தின் பொருளைப் பெயர் சுட்டி எழுத நேர்ந்தால், ‘அல்லது அதற்கு இணையானது’ என்னும் தொடரையும் சேர்ப்பதுண்டு. ஒருவரிடம் மட்டுமே வாங்க வேண்டிய நிலை இதனால் தவிர்க்கப்படும். ஆனால் எதில் இணையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதாவிட்டால் அத்தொடரால் பயனில்லை.

இச்செய்தி பெரிய மாளிகைகளுக்கு மட்டும் உரியதன்று. ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இங்கு ஈட்டிய பொருளைக் கொண்டு சொந்த ஊரில் வீடு கட்டுவோர் பலர். அவர்களால் நாள்தோறும் சென்று பார்க்க இயலாது. மேஸ்திரியிடம் தொலைபேசி வழியாகவே பேசுகின்றனர். பல ஆண்டுச் சேமிப்பு அந்தப் பேச்சை நம்பி நிற்கிறது. கூரை வார்த்து இறுகிய பின்னர் அதனுள் இருக்கும் மணலை மாற்ற முடியாது. எனவே பொருள்கள் வந்து இறங்கும் நாளிலேயே அவற்றைச் சோதிப்பது இன்றியமையாதது. ஊரில் உள்ள தாத்தாவோ அத்தையோ செய்யத்தக்க எளிய சோதனைகள் உள்ளன.

கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு ஆற்று மணல் இட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணலின்மேல் வண்டல் தனி அடுக்காகப் படியும். அது பொதுவாக 8 விழுக்காட்டிற்கு மிகலாகாது; மிகுந்தால் சிமெண்ட் மணலைப் பற்றாது. இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணியோசை போன்ற ஒலி எழ வேண்டும். மங்கிய ஒலி எழுந்தால் அக்கல் சரியாக வேகவில்லை என்று அறியலாம். நன்கு வெந்த செங்கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுந்தாலும் உடைவதில்லை. உலர்ந்த செங்கல்லை ஒரு நாள் முழுதும் நீரில் இட்டு எடுத்து நிறுத்தால், சாதாரண வகையில் எடை 20 விழுக்காட்டிற்கு மேல் கூடியிருத்தல் ஆகாது. சிமெண்ட் மூட்டையின்மேல் அது தயாரான வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். மூன்று மாதம் கடந்த மூட்டையை மீண்டும் சோதிக்காமல் கூரைக்குப் பயன்படுத்தலாகாது. காற்றின் ஈரத்தால் கட்டிதட்டி, விரலால் நசுக்கியும் உதிராத சிமெண்ட், விலை குறைத்துத் தரப்பட்டாலும் திருப்பி அனுப்பத்தக்கதே.