காரின் மின்னணுப் பாகம் பழுதானால் யார் பொறுப்பு?

புது தில்லி: கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சில கிலோமீட்டர் தூரத்துக்குப் பிறகு என்ஜின் வேகம் எடுக்க மறுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பணிமனைக்கு இழுத்துச் சென்றால், கணினியுடன் இணைத்துப் பார்த்துவிட்டு, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதன் விலைக்கு ஒரு மாதச் சம்பளம்கூடப் போதாது. வாரண்டி எனப்படும் உத்தரவாதக் காலமோ சில மாதங்களுக்கு முன்புதான் முடிந்திருக்கிறது.

கடன் வாங்கிக் கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பழக்கமான அனுபவமாகி வருகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரின் நிலை இன்னும் மோசம். பாகம் வந்து சேரும் வரை வண்டி நிற்கும். வங்கித் தவணை நிற்காது.

ஒரு காலத்தில் காரின் கோளாறை மெக்கானிக் காதால் கேட்டும் கையால் தொட்டும் கண்டுபிடித்தார். தேசியத் தலைநகர்ப் பகுதியில் யூரோ புகை விதிகளை 1999-ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியதை அடுத்து, கார்பரேட்டர் விடைபெற்றது. எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையை மின்னணுக் கருவி ஏற்றுக்கொண்டது. 2013 ஏப்ரலில் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் அமைப்பின் இரண்டாம் கட்டம், 2019-ல் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநருக்கான காற்றுப் பையும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் என அடுத்தடுத்துக் கட்டாயமாயின.

காற்றின் தூய்மைக்கும் பயணிகளின் உயிருக்கும் இந்த விதிகள் தேவையானவை. ஆனால், ஒவ்வொரு விதியுடனும் காருக்குள் புதிய சென்சார்களும் ஒயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் சேர்ந்தன. அவை பழுதானால் செலவு யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் விதிகளில் தெளிவான விடை சேரவில்லை.

ஏன் முன்கூட்டியே பழுதாகின்றன?

மின்னணுப் பாகங்களுக்கு முதல் எதிரி வெப்பம். என்ஜின் அருகே ஒவ்வொரு பயணத்திலும் சூடேறி, பிறகு குளிரும்போது, மின்சுற்றுப் பலகையில் உள்ள ஈயப் பற்றுகள் விரிந்து சுருங்குகின்றன. நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏற்படுகிறது. சாலைக் குழிகளின் அதிர்வு அந்த விரிசலைப் பெரிதாக்குகிறது. மழைநீர் தேங்கும் சாலைகளில் ஈரம் இணைப்பு முனைகளுக்குள் புகுந்து துருவை உண்டாக்குகிறது. எலி கடித்த ஒயர், கூடுதல் விளக்குக்காக இடையில் வெட்டி ஒட்டப்பட்ட ஒயர், முனை மாற்றி இணைக்கப்பட்ட பேட்டரி ஆகியவையும் காரணங்களே.

ஆனால், பெட்டி பழுது என்று சொல்லப்படும் எல்லா நேரங்களிலும் பெட்டி பழுதாகியிருப்பதில்லை. கணினித் திரையில் தோன்றும் குறியீடு, எந்தச் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பாகத்தில் என்பதை எப்போதும் சொல்வதில்லை. பேட்டரி வலுவிழந்தாலோ, எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ, சில ரூபாய் ஃபியூஸ் எரிந்தாலோ அதே மஞ்சள் விளக்கு எரியும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதிக்க நேரமும் பொறுமையும் தேவை. பெட்டியை மாற்றுவது பணிமனைக்கு எளிது, செலவு வாடிக்கையாளருக்கு.

சோதனைக் கருவி யார் கையில்?

வெளியில் உள்ள மெக்கானிக்கிடம் சென்று சரிபார்த்துக்கொள்ளலாமே என்ற கேள்வி எழலாம். தில்லியின் காஷ்மீரி கேட் சந்தையில் கிடைக்காத கார் பாகம் இல்லை என்பார்கள். ஆனால், பல கார்களில் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கிப் பொருத்தினால் மட்டும் போதாது. நிறுவனத்தின் மென்பொருள் மூலம் அதை அந்த வாகனத்துடன் இணைத்துப் பதிவு செய்தால்தான் என்ஜின் இயங்கும். அந்த மென்பொருள் அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் இருக்கிறது.

இந்தப் பிரச்னையை இந்தியப் போட்டி ஆணையம் ஏற்கெனவே விசாரித்துள்ளது. உதிரிபாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை என 2011-ல் அளிக்கப்பட்ட புகாரின் பேரில் நடந்த விசாரணையின் முடிவில், 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ. 2,545 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. பாதுகாப்பு, போலிப் பாகங்கள், அறிவுசார் சொத்துரிமை எனப் பல காரணங்களை நிறுவனங்கள் முன்வைத்தன. அவற்றை ஆணையம் ஏற்கவில்லை. ஒரு நிறுவனத்தின் காரை வாங்கியவர், அதன் பாகங்களுக்கு அந்த நிறுவனத்தையே நம்பி இருக்க வேண்டிய நிலையில் சிக்கிக்கொள்கிறார் என்பதே ஆணையம் கண்ட உண்மை.

பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அந்த உத்தரவு கூறியது. வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதம் முழுவதையும் ரத்து செய்யக் கூடாது. வெளிப் பணிமனையின் தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால், அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்றும் தெளிவுபடுத்தியது.

உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் உயர் நீதிமன்றங்களையும் நாடின. 2016 டிசம்பரில், மூன்று நிறுவனங்கள் விதிகளை மீறியதை உறுதி செய்த தீர்ப்பாயம், அபராதத் தொகையைக் குறைத்தது. சட்டப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீள, உரிமையாளர் பணிமனை வாசலிலேயே காத்திருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலரும் நினைக்கின்றனர். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் குறைபாட்டை உத்தரவாதச் சீட்டின் தேதியுடன் மட்டும் கட்டிப்போடவில்லை. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உள்ள ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டாலும் அது குறைபாடே. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பாகம் தயாரிப்புக் கோளாறால் முன்னதாகவே செயலிழந்தது என்று வாதிட இதில் இடம் உண்டு.

ஆனால், அதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் உரிமையாளர் மீதே விழுகிறது. 2006-ல் ஒரு கார் வழக்கில், உத்தரவாத நிபந்தனைப்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் கடமை, காரையே மாற்றித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2010-ல் மற்றொரு வழக்கில், தயாரிப்புக் கோளாறு உள்ளதா என்பதைச் சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் ஆராய வேண்டும் என்றது.

2022 ஏப்ரல் 20-ல் வந்த தீர்ப்பு சற்று மாறுபட்டது. தில்லி - பானிபட் நெடுஞ்சாலையில் 2017-ல் நடந்த விபத்தில் ஒரு காரின் காற்றுப் பைகள் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்று ஹூண்டாய் நிறுவனம் வாதிட்டது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட, கார் வாங்குபவர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், நுகர்வோருக்குச் சாதகமான உத்தரவை உறுதி செய்தது. உயிர் காக்கும் கருவி தொடர்பான வழக்கு இது. எல்லாப் பாகங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும், தொழில்நுட்பம் தெரியாத வாடிக்கையாளரின் நிலையை நீதிமன்றம் உணர்ந்து பேசியது முக்கியமானது.

புதிய சட்டத்தில் ஓர் ஓட்டையும் உள்ளது. குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் புதிய அத்தியாயம், அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதத்தைத் தீங்கு என்ற சொல்லில் சேர்க்கவில்லை. எரிந்துபோன கட்டுப்பாட்டுப் பெட்டியின் விலையை அந்த அத்தியாயத்தின் கீழ் கேட்க முடியாது. பொருளின் குறைபாடு அல்லது சேவைக் குறைபாடு என்றே புகார் அளிக்க வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீடும் இங்கே கை கொடுக்காது. இயந்திர, மின் பழுதுகள் அதில் விலக்கப்பட்டுள்ளன.

திரும்பப் பெறும் ஏற்பாடு

ஒரே பாகம் ஆயிரக்கணக்கான கார்களில் பழுதாகும்போது, நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தருவது உண்டு. மோட்டார் ஜெனரேட்டர் பாகத்தைச் சோதிக்க 2021 செப்டம்பரில் 1,81,754 கார்களையும், காற்றுப் பைக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக 2023 ஜனவரியில் 17,362 கார்களையும் மாருதி சுஸுகி திரும்ப அழைத்தது. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசே இதற்கு உத்தரவிட முடியும்.

ஆனால், உயிருக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து விளைவிக்கும் கோளாறுகளுக்கே இந்த அதிகாரம். பணப்பையை மட்டும் பதம் பார்க்கும் பழுது இதில் அடங்காது. போதிய எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால் நடவடிக்கைக்கு வழி பிறக்கும் என்பதால், உரிமையாளர்கள் வாகன் இணையதளத்தில் பதிவு செய்வது அவசியம். பேசாமல் பணம் கட்டிவிட்டுச் செல்பவரின் பழுது எந்தக் கணக்கிலும் வராது.

உரிமையாளர் செய்ய வேண்டியவை

முதலில் ஆதாரம், பிறகு பணம் என்பதே இதில் பாதுகாப்பான வழி. கோளாறுக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும், எந்தெந்தச் சோதனைகள் செய்யப்பட்டன என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். பேட்டரி, ஃபியூஸ், எர்த் ஆகியவை சோதிக்கப்பட்டனவா எனக் கேட்க வேண்டும். அந்த வாகன எண்ணுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு உள்ளதா எனச் சரிபார்க்க வேண்டும். உத்தரவாதக் காலத்திலேயே இதே கோளாறுக்காக வண்டி பணிமனைக்குச் சென்றிருந்தால், அந்தப் பணி அட்டை வலுவான சாட்சி.

உத்தரவாதம் அண்மையில்தான் முடிந்தது என்றால், நல்லெண்ண அடிப்படையில் செலவைப் பகிர்ந்துகொள்ளுமாறு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம். சில நிறுவனங்கள் இதற்கு இசைவதுண்டு. முறையான பராமரிப்புப் பதிவுகள் இருந்தால் வாய்ப்பு கூடுதல். பணம் கட்டி மாற்றினால், பாக எண்ணுடன் ரசீதும் பழைய பாகமும் கையில் இருக்க வேண்டும். ரசீது தர மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம்.

இதற்குப் பிறகும் தீர்வு இல்லையெனில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். கார் வாங்கிய ஊரில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. வசிக்கும் ஊரிலேயே தொடரலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய வாடகைக் காரின் உரிமையாளரும் நுகர்வோரே. பழுதான பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்புமாறு ஆணையத்திடம் கோரவும் வழி உள்ளது.

அரசு செய்ய வேண்டியது

பழுது பார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்த மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ஆய்வு செய்ய வேண்டிய துறைகளில் வாகனங்களையும் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. தகவல் தரும் இணையதளம் நல்லதே. ஆனால், சோதனை மென்பொருளை நியாயமான கட்டணத்தில் வெளி மெக்கானிக்குக்குத் தர வேண்டும் என்ற கட்டாயத்தை ஓர் இணையதளம் உண்டாக்கிவிடாது.

கட்டாயப்படுத்த முடியும் என்பதற்கு வெளிநாட்டில் சான்று உண்டு. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு தொடர்பான மின்னணுப் பெட்டிக்கு 8 ஆண்டுகள் அல்லது 80 ஆயிரம் மைல் உத்தரவாதத்தைச் சட்டமே விதிக்கிறது. அரசின் புகை விதிக்காகக் காரில் ஏறிய பாகம் என்பதால், அது உழைக்க வேண்டிய காலத்தையும் அரசே நிர்ணயிக்கிறது. இந்தியாவில் மாருதி சுஸுகி 2024 ஜூலையில் தனது அடிப்படை உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகளிலிருந்து மூன்று ஆண்டுகள் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டராக உயர்த்தியது. உத்தரவாதத்தை நீட்டிப்பது தொழிலுக்கு இயலாத காரியமல்ல என்பதை இது காட்டுகிறது.

புகை விதிகளையும் பாதுகாப்பு விதிகளையும் கட்டாயமாக்கியபோது, நிறுவனங்கள் ஆட்சேபித்த போதிலும் அரசும் நீதிமன்றங்களும் பின்வாங்கவில்லை. அந்த விதிகளுக்காகப் பொருத்தப்பட்ட பாகம் பழுதாகும்போது, அதன் சுமையை வாங்கியவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. மஞ்சள் விளக்கு ஏன் எரிகிறது என்பதைத் தான் நம்பும் மெக்கானிக்கிடம் கேட்டறியும் உரிமையாவது, காருக்கு விலை கொடுத்தவருக்கு வேண்டும்.