இரண்டு தீவுகளுக்கு நடுவே தொப்பம்பட்டி

பழநியிலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இருக்கும் தொப்பம்பட்டிக்கு ஏறக்குறைய நேர் மேற்கே 585 கிலோமீட்டர் தள்ளி லட்சத்தீவின் அகத்தி விமான நிலையம் இருக்கிறது. கிழக்கே 1,660 கிலோமீட்டரில் அந்தமானின் போர்ட் பிளேர். 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். மூன்று ஊர்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையை ஒட்டியவை.

பூமி உருண்டை என்பதால் இரு தீவுகளுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழி லேசாக வடக்கே வளைகிறது. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள்: கோவைக்குச் சற்று வடக்கே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, திருப்பூர், நாமக்கல் பக்கமாகப் போய், சீர்காழி அருகே வங்கக்கடலைத் தொடும். நீளம் சுமார் 2,240 கிலோமீட்டர். அந்த நூலைத் தெற்கே இழுத்துத் தொப்பம்பட்டி வழியாகவே விட்டாலும் நாலைந்து கிலோமீட்டர்தான் கூடும்.

ஜெட் விமானத்துக்கு இது மூன்று மணி நேரம்கூடப் பிடிக்காத தூரம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. அகத்தி ஒடுங்கிய பவளத்தீவு. 1988-இல் அதன் தென்முனையில் அமைந்த ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான்; அதற்கு மேல் நீட்டக் கடலைத் தூர்த்தாக வேண்டும். பெரிய ஜெட் விமானங்களுக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் தேவை. அதனால் அங்கே இறங்குவது ஏ.டி.ஆர். போன்ற சுழல்விசிறி விமானங்களே. அவையோ முழுச் சுமையோடு சுமார் 1,500 கிலோமீட்டர்தான் பறக்கும். அகத்தியில் இறங்க முடிகிற விமானம் அந்தமான்வரை போகாது. அந்தமான்வரை போகிற விமானம் அகத்தியில் இறங்காது. இந்த முரண்தான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது.

ஆகவே கொச்சி, சென்னை போன்ற ஊர்களில் விமானம் மாறித்தான் போக வேண்டும். அப்படிச் சுற்றியும் கூடுவது 115 கிலோமீட்டர் அளவுதான். விமானப் பயண நேரம் ஐந்து மணி அளவு. மிச்சமெல்லாம் காத்திருப்பு, இணைப்பு விமானம் அமையாவிட்டால் சென்னையில் ஓர் இரவும் சேரும்.

கடிகாரம் இரு தீவுகளிலும் ஒன்றே, சூரியன் அப்படியில்லை. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. தீவுகளுக்கு இடையே இருபதரைப் பாகை. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் மாத நாளில் போர்ட் பிளேரில் பொழுது விடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொப்பம்பட்டியில் விடியும். அகத்திக்கு இன்னும் இருபது நிமிடம் ஆகும்.

காற்றும் கணக்கில் சேரும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து இந்தப் பக்கத்துத் தென்னைகளை ஆட்டும் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. அதே நாளில், தலைக்கு மேலே பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பெருங்காற்று ஓடுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்றை 1950-களில் விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். ஜெட் விமானங்கள் அதற்குக் கீழே பறந்தாலும் அதன் வீச்சு அவற்றையும் தொடும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேக விமானத்துக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போவதைவிடத் திரும்பி வருவது கால் மணி நேரம் குறையும்.