அணைச்சுவரும் நீர்வழியும்

உடப்புசல்லாவைச் சரிவுகளில் மண்ணை வெட்டி வீடமைப்போர், அத்திவாரத்தை அடுத்து மேற்புறத்தில் அணைச்சுவர் எழுப்புவர். கல்லின் திண்மையைக் கருதும் நாம், சுவரின் பின்னே தேங்கும் நீரின் வன்மையைக் கருதுவதில்லை. 2 மீற்றர் உயரத்துக்கு நீர் நிறைந்தால், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் ஏறக்குறைய 2 தொன் பாரத்துக்கு ஒப்பான விசை தள்ளும். மண்ணின் தள்ளுகை வேறு.

ஆதலின், சுவரின் பின்னே சல்லிக்கல் நிரப்பி, அடியில் துளையிட்ட குழாய் பதித்து, சுவரில் வடிதுளைகளும் விடுதல் வேண்டும். சுவருக்கு மேலே வெட்டிய கான் மழைநீரை மறித்து அகற்றும். வடியும் நீர் நம் அத்திவாரத்தையோ கீழ்வீட்டார் முற்றத்தையோ அடையலாகாது.

2025 நவம்பரில் டித்வா புயல்மழையால் மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் பல மாண்டதை மறவோம். மலையே சரியுமிடத்து எச்சுவரும் காவாது. மனை தெரியுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தை அறிதல் நம் கடன். ஏனைய இடங்களில், நீருக்கு வழிவிட்ட சுவரே நிலைக்கும்.