ஊதா நிறத்தின் பணி

உப்பு மிகுந்த நீர்நிலைகளில் ஹாலோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அதன் உயிரணுச் சவ்வில் பாக்டீரியோரோடாப்சின் என்னும் ஊதா நிறப் புரதம் உள்ளது. வெளிச்சம் பட்டதும் இப்புரதம் புரோட்டான்களை உயிரணுவிலிருந்து வெளியேற்றுகிறது. இதனால் நுண்ணுயிருக்கு ஆற்றல் கிடைக்கிறது.

1971ஆம் ஆண்டில் ஓஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியஸ் ஆகிய அறிவியலாளர்கள் இப்புரதத்தில் ரெட்டினால் இருப்பதைக் கண்டறிந்தனர். நம் கண்ணில் ஒளியை ஈர்க்கும் மூலக்கூறும் ரெட்டினாலே. அது இங்கு என்ன பணி செய்கிறது?

அதனை அறிய, ஆய்வாளர்கள் ஹைட்ராக்சிலமின் என்னும் இரசாயனத்தைச் சேர்த்து ஒளியைப் பாய்ச்சினர். புரதத்தோடு பிணைந்திருந்த ரெட்டினால் பிரிந்தது. ஊதா நிறம் மறைந்தது. புரோட்டான்களை வெளியேற்றும் பணியும் நின்றது. மீண்டும் ரெட்டினாலைச் சேர்த்ததும் நிறமும் பணியும் திரும்பின.

ஒரு பகுதியை நீக்கிப் பார்ப்பது பாதி ஆய்வுதான். அதனை மீண்டும் சேர்த்துப் பார்க்கும்போதே அதன் பணி உறுதியாகிறது.